எழுந்திருக்கும் நாளுக்கு ஒரு ரவிக்கை

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

எப்போதும் எங்கள் தையல் கடையில் துணி தைக்கக் கொடுக்கும் எஸ்தர் டீச்சர் போன மாதம் வந்திருந்தார். புற்றுநோயில் உடம்பு பாதியாகியிருந்தது. தன் அடக்கத்துக்கு வெள்ளை ரவிக்கை தைக்கச் சொன்னார். அளவெடுத்தேன்.

"இந்த அளவு வேணாம் வீணா, என் பழைய அளவுல தை. கர்த்தர் எழுப்புறப்ப நான் நோயாளியா எந்திரிக்க மாட்டேன்" என்றார், பண்டிகைக்குத் துணி எடுத்தவர் போல. நான் பழைய அளவு நோட்டைத் தேடி எடுத்தேன்.

நேற்று டீச்சரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டிக்குள் ரவிக்கை தொளதொளவென்று கிடந்தது. ஊக்கு குத்திச் சுருக்கலாமா என்று யாரோ கேட்க, "அப்படியே இருக்கட்டும், அம்மாவுக்குச் சரியாத்தான் இருக்கும்" என்றார் மகள். நான் கைகூப்பி நின்றுவிட்டேன்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. ஊறுகாய் கொடுத்தனுப்பும்போது, அப்பா படுக்கையில் விழுவதற்கு முன்னால் எடுத்த போட்டோவையும் வை.

உன் மகள்,
வீணா