பன்னிரண்டு என்று அச்சான அரை மாத்திரை

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். ஸ்ரீரங்கத்தில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் வேலை.

நான் எழுதிய ஆட்-ஆன் நிரலுக்கு ஒற்றை நட்சத்திர விமர்சனம். மருந்துக்கடை பில் மென்பொருளோடு சேர்த்துக்கொள்வது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று தமிழில் சீட்டு அச்சடித்துத் தரும். புத்தூரில் மருந்துக்கடை நடத்தும் மெஹர்பானு எழுதியிருக்கிறார்: "இதை நம்பி மருந்து கொடுத்தால் ஆள் போய்விடும்."

கோபம். 'முதலில் உங்கள் பிரிண்டரைப் பாருங்கள்' என்று பதில் தட்டினேன். மனைவி கல்யாணி எட்டிப் பார்த்தாள்.

"அனுப்பிடாதீங்க. அவங்க என்ன பார்த்தாங்கன்னு நேர்ல போய்க் கேளுங்க."

அழித்துவிட்டேன். நல்லவேளை.

ஜூன் 10, செவ்வாய்
புத்தூருக்கு பஸ். உட்கார இடமில்லை.

யாரென்று சொன்னதும் மெஹர்பானு ஒரு சீட்டை நீட்டினார். பிரஷர் மாத்திரை. 1/2 இருக்க வேண்டிய இடத்தில் 12. போன வாரம் நான் மாற்றிய எழுத்துரு நடுக்கோட்டை விழுங்கியிருக்கிறது. பிரிண்டர் மேல் குற்றமில்லை.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் படிச்சேன். அல்லாஹ் காப்பாத்தினான்."

"மன்னிச்சிருங்கம்மா. நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"அது இருக்கட்டும் தம்பி. மத்த கடைக்கெல்லாம் சொன்னீங்களா? இப்பவே ஃபோன் போடுங்க. ஸ்டூல்ல உக்காருங்க."

அது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கம்.

பத்தொன்பது கடைகள். பதினெட்டில் ஒன்றும் ஆகவில்லை. எடமலைப்பட்டி புதூர்க்காரர் மட்டும், "ஐயோ, காலையில ஒரு பெரியவருக்குக் கொடுத்தேனே!" என்று ஃபோனை வைத்துவிட்டு வண்டியில் கிளம்பிவிட்டார்.

இருபது நிமிடம். மெஹர்பானு டீ வரவழைத்தார். தொடவில்லை. இருவரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடித்தது.

"சாப்பிடலைங்க! 'வாங்கினதே பத்து மாத்திரை, பன்னண்டுக்கு எங்க போறது'ன்னு கேக்கறதுக்கு அவரே கடைக்குக் கிளம்பிட்டிருந்தார்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மெஹர்பானு. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தேன்.

ஜூன் 11, புதன்
மேகமூட்டம். மழை இல்லை. செய்தவை:
- பின்னம் வேண்டாம். இனி 'அரை', 'கால்' என்று எழுத்திலேயே.
- எல்லா அளவையும் அச்சடித்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தது. கல்யாணி வாய்விட்டுப் படித்தாள்.
- மெஹர்பானுவுக்கும் அந்தப் பத்தொன்பது கடைக்கும் புதுப் பதிப்பு. போட்டுவிட்டார்களா என்று மறுபடி ஃபோன்.
- விமர்சனத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி பதில்: "தவறு என்னுடையது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நன்றி."

பெரியவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெயர்கூடத் தெரியாது.

ஜூன் 14, சனி
திருவானைக்காவல் போய்வந்தோம். வெறுமனே கும்பிட்டேன்; எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பும்போது மெஹர்பானுவின் ஃபோன்.

"மூணு நட்சத்திரமா மாத்திட்டேன் தம்பி."

"ரொம்ப நன்றிம்மா. மீதி ரெண்டு?"

"எழுத்து பொடியா இருக்கே. வர்றவங்க பாதிப் பேரு வயசானவங்க. எப்படிப் படிப்பாங்க?"