உனக்கு மழைக்கு வாங்கிய ஷூ

நேற்று வேலை விட்டு வரும்போது ஆம்பூர் பஜாரில் மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. ஓடிப் போய் ஒரு கடை வாசலில் ஒதுங்கினேன். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் அது அந்த ஷூ கடை என்று உறைத்தது. திரும்பிப் போகலாமென்றால் தெருவெல்லாம் தண்ணீர். கடைக்கார பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உள்ள வாங்கக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டவர், சும்மா இருக்காமல் கேட்டார்.

"உங்க தோஸ்த் ஒருத்தவங்க வந்தாங்களே, அட்டைல கால வரைஞ்சு பாத்து ஷூ எடுத்தாங்களே. அவங்க காலு இப்ப எப்டி இருக்குது?"

"நல்லா இருக்காங்க பாய்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மழை விடுவதற்கு முன்பே எழுந்து நடந்தேன். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. பேச வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். எனக்குத் தையல் மெஷின், உனக்கு செக்கிங் டேபிள். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பிரித்து வைக்கிற வேலை. நாள் முழுக்க நின்றபடி. நான் உட்கார்ந்தே சம்பாதிக்கிறேன் என்று என்னை மகாராணி என்பாய். எங்கோ பனி கொட்டுகிற தேசத்துக்காரர்கள் போடுகிற ஷூ அவை. நம் காலில் ரப்பர் செருப்பு. அதற்காக நாம் வருத்தப்பட்டதாக நினைவில்லை. அது வேலை, இது கால், அவ்வளவுதான்.

ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனபோது சிமெண்ட் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். முதலில் பார்த்தது நீதான். "யாருக்கோ கால்ல அடிபட்டுக்குது, பாவம்" என்றாய். நான் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவை உன் செருப்பில் வந்து முடிந்தன. செருப்பைக் கழற்றச் சொன்னால் கால் வரவில்லை. ஓர் ஆணி ரப்பரைத் துளைத்துக்கொண்டு உன் குதிகாலுக்குள் இறங்கியிருந்தது. எங்கே மிதித்தாயோ, எப்போது மிதித்தாயோ. அதன் மேலேயே மதியம் வரை நின்று ஷூ பார்த்திருக்கிறாய். பிடுங்கும்போது நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ என் தோளைப் பிடித்தபடி, "இன்னாடி இது, ஒண்ணுமே தெரில" என்றாய். சிரித்தாய்கூட.

வேலூரில் டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு சுகர் ரொம்ப ஜாஸ்தி என்றார். அது நமக்கு அவ்வளவாகப் பயமாக இல்லை. தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற சுகர். பிறகு உன்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் உன் பாதத்தைத் தொட்டார். "தொடும்போது சொல்லுங்கம்மா." நீ பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கவனமாகக் காத்திருந்தாய். விரல், நடுப்பாதம், குதிகால் என்று அவர் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் நீ, "எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாய். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

வெறுங்காலில் நடக்கவே கூடாது என்றார். ஈரத்தில் கால் ஊறக் கூடாது. செருப்பு வேண்டாம், மூடின ஷூதான். விரல் பக்கம் அகலமாக, உள்ளே தையல் துருத்தாமல், தண்ணீர் இறங்காமல் இருக்க வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கி அதன் முழு அளவில் இருக்கும். போடும் முன்னால் உள்ளே கை விட்டுப் பாருங்கள். கால் சொல்லாததைக் கை சொல்லும் என்றார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் பாய் கடைக்குப் போனோம். டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட உடனே பாதி ஷூக்களைப் பாய் ஒதுக்கிவிட்டார். கேன்வாஸ் ஒரே மழையில் ஊறிப்போகும். வலை வலையாக இருக்கும் ஷூவில் தண்ணீர் நேராக உள்ளே போகும். முழு ரப்பர் பூட்ஸில் வெளித் தண்ணீர் வராது, ஆனால் வேர்வையில் கால் வெந்துவிடும். கடைசியில் மூன்று ஜோடி மிஞ்சியது. ஒவ்வொன்றாகப் போட்டு நடந்தாய்.

"புடிக்குதாக்கா? எங்கயாவது இறுக்குதா?" என்றார் பாய்.

நீ நின்று யோசித்தாய். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "தெரிலடி. எல்லாமே ஒரே மாதிரி இருக்குது. நீ சொல்லேன்" என்றாய்.

உன் காலுக்கு எது சுகம் என்று நான் எப்படிச் சொல்வேன்? பாய்தான் வழி சொன்னார். ஷூ பெட்டி அட்டையில் உன் பாதத்தை வைத்து நான் பென்சிலால் வரைந்தேன். அதை வெட்டி, ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் விட்டுப் பார்த்தோம். ஒன்றில் ஓரம் மடங்கியது. இன்னொன்றில் விரல் பக்கம் சுருண்டது. மூன்றாவதில் அட்டை மடங்காமல் படுத்தது. கறுப்பு, தடித்த அடி, லேஸுக்கு அடியிலிருக்கும் நாக்கை இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்தது. பாய் மேலே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினார், உருண்டு ஓடியது. நீ குனிந்து, பழக்க தோஷத்தில், தையலைத் திருப்பிப் பார்த்தாய். "பாஸ்" என்றாய். கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

புடவைக்குக் கீழே அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியபோது பின் சீட்டிலிருந்து, "இன்னாக்கா, மிலிட்டரில சேந்துட்டியா?" என்று கேட்டார்கள். "ஆமா, சம்பளம் அங்கதான் ஜாஸ்தி" என்றாய். ராத்திரி கழற்றித் துடைத்து, பேப்பர் உருட்டி உள்ளே வைப்பாய் என்று உன் வீட்டுக்காரர் சொல்வார். குதிகால் புண் ஆறியது. தப்பித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

கம்பெனி பஸ் உன்னை ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் இறக்கும். உன் தெரு அந்தப் பக்கம். விடாமல் பெய்த அந்த வாரத்தில் பாலத்துக்கு அடியில் சாக்கடையும் மழையும் சேர்ந்து கணுக்காலுக்கு மேலே நின்றது. எந்த ஷூவானாலும் அதற்கு மேல் தண்ணீர் வந்தால் வாய் வழியாக உள்ளே போகத்தான் செய்யும். நீ அதை யோசித்திருக்கிறாய். உள்ளே ஈரமானால் காய நாளாகும், ஈர ஷூ கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், நாளைக்கு வேலைக்கு வேறு ஷூ இல்லை. அதனால் அதைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டாய். புடவையைச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டாய். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஷூவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாய், நனையவில்லை பார் என்பது போல. நான் கத்தினேன். மழைச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை.

தண்ணீருக்குள் என்ன குத்தியது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடியாக இருக்கலாம். நீ வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவித் துடைத்திருக்கிறாய். அடிப்பாதத்தை யார் பார்ப்பார்கள்? மறுநாள் காய்ந்த ஷூவுக்குள் அந்தக் காலை வைத்து வேலைக்கு வந்தாய். அதற்கடுத்த நாளும் வந்தாய். குளிர்க் காய்ச்சல் என்று படுத்தபோதுதான் உன் வீட்டுக்காரர் காலைப் பார்த்தார். வேலூருக்குக் கொண்டு போனபோது கால் கறுத்திருந்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

உன் காரியம் முடிந்த பிறகு ஒரு மழை நாளில் பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. யாரும் இறங்கவில்லை. யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். நாங்கள் சீட்டை விட்டு எழவில்லை. கடைசியில் பஸ் மேம்பாலம் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது. இப்போதெல்லாம் மழையென்றால் அந்த வழிதான். பாலத்துக்கு அடியில் தண்ணீர் அப்படியேதான் நிற்கிறது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. காலை எடுத்ததற்கு மறுநாள் உன் பக்கத்தில் இருந்தேன். உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். நீ கண்ணைத் திறந்து, "காலு வலிக்குதுடி" என்றாய். எந்தக் கால் என்றேன். "இந்தக் காலுதான். பாதத்துல. விரல்லாம் பிச்சு எடுக்குது." போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. நர்ஸிடம் கேட்டேன். எடுத்த கால் சில பேருக்கு அப்படி வலிக்கும் என்றார்.

"இத்தினி நாள் செத்துக் கெடந்த காலு. இப்ப வலிக்குது பாரு" என்றாய். உன் முகத்தில் இருந்தது ஆச்சரியமா, அழுகையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் அமுக்கி விடேன்."

நான் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். பாதம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கையையும் வைத்து மெத்தையை அமுக்கினேன். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாய். கீழே நகர்ந்தேன். "அங்கதான்" என்றாய். நீ தூங்கிப் போகும்வரை அங்கேயே அமுக்கிக்கொண்டிருந்தேன். பஞ்சு மெத்தை, மேலே ஒரு வெள்ளைத் துணி, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் உன் மூச்சு மெல்ல மெல்லச் சீராகி வந்ததை என் காதால் கேட்டேன்.