மூன்றாவது அடிக்கு இடமில்லை

குதைபியா, மனாமா
1986

என் ஆசை ஐயாவுக்கு,

இன்று ஊரில் உங்களுக்கு அந்தியேட்டி. நீங்கள் பெற்ற ஒரே பிள்ளை இங்கே பஹ்ரைனில் அடுத்தவர் வீட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். செத்தவீட்டுக்கும் வரவில்லை, முப்பத்தோராம் நாளுக்கும் வரவில்லை. என் பாஸ்போர்ட், விசா எடுத்துத் தந்த கஃபீலின் இரும்பு அலுமாரிக்குள் கிடக்கிறது. போன் எடுத்தால் "புக்ரா" என்கிறார். நாளைக்கு என்று அர்த்தம். அது எந்த நாளை என்று அவரிடம் யார் கேட்பது?

நான் பார்த்துக்கொள்ளும் கிழவரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, பாபா என்று கூப்பிடுவேன் என்று. அவர் யூதர். கண் பார்வை மங்கிவிட்டது. அவர்களுடைய கோவிலில் கூடிக் கும்பிடப் பத்து ஆண்கள் வேண்டுமாம். இந்த ஊரில் அத்தனை பேர் சேர்வதில்லை. அதனால் காலையில் வீட்டிலேயே கும்பிடுகிறார். வெள்ளைச் சால்வை போர்த்து, கையிலும் தலையிலும் கறுப்பு வார் கட்டி, ஜெருசலேம் இருக்கும் பக்கம் பார்த்து, இரண்டு பாதமும் ஒட்ட நிற்பார். உதடு மட்டும் அசையும். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் பேசமாட்டார். முடிந்ததும் முதுகு காட்டாமல் மூன்று அடி பின்னால் வைத்து, இடம், வலம், நடு என்று குனிந்து விடைபெறுவார். அவர் தடுக்கி விழாமல் பின்னால் நின்று கதிரையை விலக்குவது என் டியூட்டி.

இந்த வேலையை எனக்கு இங்கே யாரும் பழக்கவில்லை. முருகனுக்கு முதுகு காட்டமாட்டேன் என்று நீங்கள் கோவில் வாசல்வரை பின்பக்கமாகவே நடப்பீர்களே. உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, பின்னால ஆக்கள் நிக்கினம், மெதுவா வாங்கோ" என்று வழி விலக்கியவள் நான்தானே. சனம் சிரிக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். நீங்களோ ஒன்றையும் கவனிக்கமாட்டீர்கள்.

கொழும்பிலிருந்து சின்னம்மாவின் மகன் போன் எடுத்து நீங்கள் போய்விட்டதைச் சொன்னபோது பாபா கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஓடிப்போய், அழுகையில் தமிழிலேயே சொன்னேன். "எங்கட ஐயா செத்துப்போனார். நான் போகவேணும்."

அவர் திரும்பவில்லை. இது மனிசனோ கல்லோ என்று ஆத்திரம் வந்தது. அவருக்குப் பின்னாலேயே தரையில் இருந்துவிட்டேன்.

கும்பிட்டு முடித்துப் பின்னால் அடி வைத்தவரின் கால் என்னில் முட்டியது. கையால் தடவி என் தலையைக் கண்டுபிடித்தார். மெல்ல என் பக்கத்தில் தரையில் இருந்து, "உன் அப்பாவா?" என்று அரபியில் கேட்டார். தமிழில் ஒரு சொல் தெரியாதவர், ஐயா. அன்றைக்கே கஃபீலுக்குப் போன் எடுத்துச் சண்டை பிடித்தார். அவருக்கும் "புக்ரா"தான் கிடைத்தது.

இன்று விடிய முழுகிவிட்டு, என் அறையில் ஊர் இருக்கும் பக்கம் பார்த்து நின்றேன். உங்களுக்கு முதுகைக் காட்டிவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போக மனம் வரவில்லை. பின்னால் ஓரடி வைத்தேன். இன்னோரடி வைத்தேன். முதுகில் சுவர் முட்டியது. மூன்றாவது அடிக்கு இந்த அறையில் இடமில்லை.

அதை மிச்சம் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் என்றைக்குக் கைக்கு வருகிறதோ, அன்றைக்குப் புறப்பட்டு வந்து, உங்களை எரித்த இடத்தில் நின்று அந்த அடியை வைப்பேன். அதுவரைக்கும் நான் உங்களிடம் விடைபெறவில்லை.

உங்களுக்கு வழி விலக்கிய மகள்,
தவமணி