வெடித்தும் மிஞ்சிய புள்ளி

மார்ச் 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். ஆய்வகத்து மின்னஞ்சலில் யார் யார் எட்டிப் பார்ப்பார்களோ, அதனால்தான் காகிதம். நீங்கள் கேட்டபடி, அந்த நட்சத்திரம் வெடிப்பதற்கு முன் எடுத்த பழைய படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சூப்பர்நோவாவாக வெடித்த வெள்ளைக் குள்ள நட்சத்திரம் சுவடில்லாமல் போயிருக்க வேண்டும். இதுவோ வெடித்த பிறகும் அதே இடத்தில், முன்னைவிடப் பிரகாசமாக உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடித்தவள் நான். யாரிடமும் மூச்சுவிடாதே என்கிறீர்களே, ஏன்? ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

உங்கள் வாயாடி

மார்ச் 11

அன்புள்ள வாயாடிக்கு,

பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் கலந்திருந்தால் ஊர் சிரிக்கும். அதைக் கழித்துவிட்டு இன்னொரு முறை அளக்கிறேன், பத்து நாள் பொறு. கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றினாயா? நான் சொன்னால்தான் கேட்கமாட்டாயே.

வாத்தியார்

மார்ச் 19

வாத்தியாருக்கு,

முந்தாநாள் கேன்டீனில் எங்கள் இயக்குநர், "உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை ஃபோன் பண்ணினாரே, சொல்லலையா? கட்டுரையில யார் பேர் முதல்ல வரணும்னு ஒரே சண்டை" என்றார். மேலே கேட்பதற்குள் காபியோடு நகர்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களா? பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவளை விட்டுவிட்டு அவரிடம் என்ன பேச்சு? எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளதைச் சொல்லுங்கள், நம்புகிறேன்.

வாயாடி

மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

அளந்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி, அந்த நட்சத்திரம் பிழைத்திருக்கிறது. கட்டுரையை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் எதற்கும் இயக்குநர் பெயர்தான் முதலில் வருமாமே. இரண்டு முறை மல்லுக்கட்டி, உன் பெயரை முதலில் போடச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். முன்பே சொன்னால் நீயே போய் அவரிடம் எகிறுவாய், அதனால்தான் சொல்லவில்லை.

வாத்தியார்

மார்ச் 27

என் அன்புள்ள வாத்தியாருக்கு,

என் கடிதம் வந்து சேரும் முன்பே நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். உங்கள் பெயருக்காகத்தான் சண்டை போடுகிறீர்கள் என்று நினைத்து, பதினெட்டாம் தேதியே இயக்குநருக்கும் தெரியாமல் நானே ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டேன். என் பெயர் மட்டும்தான். நன்றி சொல்லும் பத்தியில்கூட நீங்கள் இல்லை. உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். புத்தி கெட்டவள் என்று திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 5

அன்புள்ள உனக்கு,

என் பெயரைச் சேர்க்க வேண்டாம். நட்சத்திரத்தைக் கண்டவள் நீதான். உள்ளதைச் சொன்னால் நம்புகிறேன் என்று பத்தொன்பதாம் தேதி எழுதினாய். தீர்ப்பைப் பதினெட்டாம் தேதியே அனுப்பிவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விடுமுறைக்கு வரமாட்டேன். உறைக்குள் என்னிடமிருந்த உன் வீட்டுச் சாவி இருக்கிறது, பார்த்து எடு.

இப்படிக்கு,
வாத்தியார்