நடைபாதையில் பதித்த கதவு

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு

பட்டுக் கடையின் நிலவறைக்கு நடைபாதையோடு பதித்து நான் செய்து கொடுத்த இரும்புக் கதவை, முதலாளி இன்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "போன வாரம் அவ்ளோ மழை. உள்ள ஒரு சொட்டு எறங்கலபா. கீல் எங்க இருக்குதுன்னே தெரியல பாரு!" எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

உச்சி வெயிலில் சாமி வந்தது. தீபாராதனைக்காகப் பல்லக்கைக் கடைப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். முன்தண்டைத் தாங்கியவரின் வெறுங்கால்கள் இரண்டும் என் கதவின் மேல். தகடு காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு குதிகாலைத் தூக்கினார், பிறகு அடுத்ததை. நகர்ந்தால் சாமி சாயும். முதலாளியோ வீட்டார் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் குருக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஊற்றினால் என் கதவு சுடுவது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று நிழலிலேயே கைகூப்பி நின்றேன்.

தெருமுனையில் தோள் மாற்றிவிட்டு வந்தவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "எவன்பா அங்க தகடு போட்டான்? சாமி ஆடிடுமோன்னு பயந்துக்கினே நின்னேன்" என்றார்.

"தெரியலண்ணா" என்றேன்.

மழையை யோசித்தேன். எலியை யோசித்தேன். வண்டிச் சக்கரத்தைக்கூட யோசித்தேன். இந்த ஊரில் பிறந்துவிட்டு வெறுங்காலை யோசிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிச் சோதித்ததெல்லாம் கடை மூடிய பிறகுதான்.

இன்றும் கடை மூடிய பிறகு போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவின் மேல் ஏறி நின்றேன்.

சில்லென்று இருந்தது.