ஒரு மாதத்துக்குக் கருவாடு

மகன் இன்னாசி,

ஏழு மணி வள்ளத்தில் அம்மாவைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மீன்குழம்பு குசினியில் மூடியிருக்கிறது. ஆட்டுக்குக் குழை போடு. வெளியே போனால் வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா அக்காவிடம் கொடு.

நேற்று நீ அம்மாவின் பையிலிருந்த கருவாட்டையும் பனங்கிழங்குப் புழுக்கொடியலையும் வெளியே எடுத்துப் போட்டு, "லண்டனுக்குப் பதினாலு மணித்தியாலம்தான், பிளேனிலை சாப்பாடும் தருவாங்கள், சனம் சிரிக்கும்!" என்று கத்தினாய். நானும் சொல்லிப் பார்த்தேன். அவ நம்பவில்லை.

"அக்கரையிலை ஏழெட்டு மைல் குறிகட்டுவானுக்கே வள்ளத்திலை ஒரு மணித்தியாலம். ஐயாயிரத்து நானூறு மைலுக்கு ஒரு மாசமாவது செல்லும். ஆரைப் பேய்க்காட்டுறியள்?" என்று எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிட்டா.

யோசித்துப் பார், தம்பி. ஒரு மாதம் ஆகாயத்தில் இருக்கவேண்டும் என்று நம்பிக்கொண்டுதான், உன் அக்கா மாக்கிறேற்றின் பிள்ளைப்பேற்றுக்குத் தனியாக வெளிக்கிடுகிறா. பதினாலு மணித்தியாலம் என்று தெரிந்த என்னை ஏறச் சொன்னால் நூறு சாட்டுச் சொல்லுவேன்.

வள்ளம் வெளிக்கிட முதல் நீ கடலால் வந்துவிட்டால் துறைக்கு ஓடி வா. அம்மாவோடு ஒரு சொல்லாவது கதை.

ஐயா

அம்மா பிறகு பாதிக் கருவாட்டை எடுத்து அலுமாரியில் உனக்கு வைத்திருக்கிறா. மிச்சப் பதினைந்து நாளும் பிளேன்காரர் தாறதைச் சாப்பிட்டுச் சமாளிப்பாவாம்.