கல் நகரும் கணக்கு

இன்று குன்னூர் ரயிலடியில் பழைய இன்ஜின் ஒன்று நின்றிருந்தது. நனைந்த நிலக்கரியின் வாசம் வந்ததும் நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசம் எனக்கு ரயில் அல்ல, ஊட்டியில் நாம் இருவரும் வேலை பார்த்த மண் ஆராய்ச்சிக் கொட்டகை.

சேரம்பாடிப் பக்கம் ஓடைக்கரையில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வரிசை வீடுகளாக லயம் கட்டியிருந்தார்கள். உன் அம்மாவுக்கும் அதில் ஓர் அறை, அவர் பேச்சில் காம்பிரா. மேலே காட்டை வெட்டித் தேயிலை வைத்ததால் மழைத்தண்ணீர் தங்காமல் இறங்கியது. எவ்வளவு மழைக்கு ஓடையின் கற்கள் நகரும்? உனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

நீரின் ஆழம், சரிவு, கல்லின் பருமன், கனம் எல்லாவற்றையும் பெருக்கி வகுத்தாய். மீட்டரும் கிலோவும் அடிபட்டுப் போய் அலகே இல்லாத ஓர் எண் மிஞ்சியது. அந்த எண், கொட்டகையில் ஓடையின் சிறு மாதிரியாக நாம் வைத்திருந்த மரத்தொட்டியிலும் ஓடையிலும் ஒன்றாக இருந்தால், தொட்டியில் நடப்பதுதான் ஓடையிலும் நடக்கும். கல்லுக்குப் பதில் தொட்டியில் போட்ட பொடிமணல் ஒட்டிக்கொண்டு ஏமாற்றியது. கனம் குறைந்ததாக ஏதாவது வேண்டும் என்று தேயிலைத் தூளைக் கொட்டினாய். அது ஊறி உப்பிவிட்டது. "ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சிட்டு ஊத்திருவம்" என்றாய். பிறகுதான் நிலக்கரித் துகள்.

சாதாரண ஆடிமழை அளவுத் தண்ணீருக்கே தொட்டியில் கரி நகர்ந்தது. லயத்தை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினோம், வேறு இடமில்லை என்றார்கள். லயத்தை விட்டு வந்துவிடச் சொல்லி நீ அம்மாவிடம் கெஞ்சினாய். "அங்கயும் போகச் சொன்னாங்க. இங்கயும் போகச் சொன்னா எங்கடா போறது?" என்றார்.

அந்த ஆடியில் மேட்டில் நின்று நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீருக்கடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. "அம்மா காம்பிராவுல இருக்கும்டா" என்று ஓடினாய். சட்டையைப் பிடித்தேன், உதறிவிட்டாய். கற்களோடு வெள்ளம் உன்னையும் கொண்டுபோய்விட்டது. அம்மாவோ, ஒரு நாள் கூலி போய்விடுமே என்று கொழுந்தெடுக்க மலையேறியிருந்தார்.

நீ அளவெடுக்க ஓடையில் இறங்கியதாகத்தான் லயத்து ஆட்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் அம்மா கேட்கிறார்.

"அவன் போட்ட கணக்கு சரிதானா தம்பி?"

"சரிதானுங்கம்மா."

"அப்ப தெரிஞ்சே ஏன் எறங்குனான்?"

"அளவெடுக்கத்தானுங்கம்மா."

பாழாய்ப்போன கணக்கு என்று திட்டித் தீர்க்கிறார். ஒரு கல்லைக்கூடத் தடுக்காத கணக்குதானே, எனக்கும் அதன்மேல் ஆத்திரம்தான். அவர் திட்டட்டும். "உங்களைத் தேடித்தான் இறங்கினான்" என்பது என்னோடு போகட்டும்.